தகரப் பெட்டியில் கிடந்த சிறு நட்சத்திரம்

நம் பங்கின் வெள்ளி விழாவையொட்டிச் சிறு கண்காட்சி ஒன்று அமைக்க வேண்டுமென்று பங்குப் பேரவையார் தீர்மானித்தனர். வீட்டில் உள்ள பழம்பொருட்களைக் கொண்டு வாருங்கள் என்று ஞாயிறு திருப்பலியின் முடிவில் நாம் அறிவித்தோம். திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளை நம்பிப் பல ஊர்களிலிருந்து வந்து குடியேறியவர்களே நம் பங்கு மக்களில் பெரும்பாலோர். 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்ட பிறகு வந்தவர்களே மிகுதி. வாடகை வீட்டில் இருக்கும் மக்கள் பழம்பொருளுக்கு எங்கே போவார்கள் என்று நாம் எண்ணியதுண்டு. நம் எண்ணம் பிழையாயிற்று. தூத்துக்குடிக் குடும்பத்தார் முத்துச்சிப்பி பதித்த செபமாலை கொண்டு வந்தனர். தஞ்சைப் பக்கத்தார் பாட்டனார் காலத்துச் செபப் புத்தகமும், குமரி மாவட்டத்தார் மங்கிய திருமணப் புகைப்படங்களும் தந்தனர். ஊரை விட்டு வருகிறவன் பெரிய பொருளை விட்டு வருவான், சிறிய பொருளை விட்டு வரமாட்டான் என்பதை அன்று கண்டுகொண்டோம்.

அவற்றுள் மிகச் சிறியதாக வந்த பொருளைப் பற்றியதே இக்கட்டுரை.

காரைக்காலிலிருந்து வந்து ஒரகடத்தில் குடியிருக்கும் குடும்பத்தார் அவர்கள். பழைய பெப்பர்மின்ட் தகரப் பெட்டியொன்றைத் திறந்தபோது, பஞ்சின் மேல் வெள்ளியாலான நட்சத்திரம் ஒன்று கிடந்தது. அகலம் சுண்டு விரல் நகத்தைவிடச் சற்றே அதிகம். நடுவில் நிறம் பூசிய சிறு வட்டம், உச்சியில் கூம்பு வடிவான கிரீடம். மேலே நைந்த நாடாத் துண்டு, நடுவில் வெண்மை, ஓரத்தில் மஞ்சள்போல் ஒரு நிறம். "எங்க பாட்டனாருக்குப் பாட்டனாரைப் பாப்பரசரே செவாலியர் ஆக்கினாராம் சாமி. இது திருத்தந்தையின் கிரீடம், இது பாப்பரசர் கொடியின் நிறம்" என்றார் குடும்பத் தலைவர். விழா மலரில் படத்தோடு அச்சிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அவர் மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. "செவாலியர் குடும்பம்" என்ற சொற்களோடு அழைப்பிதழின் படியும் அச்சகத்திலிருந்து வந்துவிட்டது.

நாமும் மகிழ்ந்து, ஆகட்டும் என்று சொல்லிவிட்டோம். பிறகுதான் மனம் உறுத்தியது. குருமடத்தில் நமக்குத் திருச்சபை வரலாறு கற்பித்த பேராசிரியர், பொருளை முதலில் பார், கதையைப் பிறகு கேள் என்பார். நாம் கதையை முதலில் கேட்டுவிட்டோம்.

இத்தகைய சிறு பதக்கங்கள் எதற்கென்று வாசகர் கேட்கலாம். ஐரோப்பிய அரசர்கள் வழங்கிய வீரர் அணிகளின் சின்னங்கள் பெரியவை. மார்பில் குத்தும் நட்சத்திரமும் தோளில் தொங்கும் பட்டையும் அரச சபைக்குப் பொருந்தும், மாலை விருந்துக்குப் பொருந்துமோ? ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டில், அதே சின்னத்தைப் பாதி அளவுக்கும் கீழாகச் சுருக்கி, விருந்து உடுப்பில் வரிசையாக அணியும் வழக்கம் பரவிற்று. ஆங்கிலேயர் முறையில் பெரிய பதக்கத்தின் நாடா 32 மில்லிமீட்டர் அகலம், சிறியதன் நாடா 16 மில்லிமீட்டர். ஜெர்மானியரும் ஆஸ்திரியரும் சிறியவற்றை மெல்லிய சங்கிலியில் கோத்து அணிந்தனர். நம் நாட்டிலும் இவ்வழக்கம் அற்றுப்போகவில்லை. பத்ம விருது பெறுவோருக்குப் பதக்கத்தோடு சிறு படி ஒன்றும் தரப்படுகிறது, விழாக்களில் அணிந்துகொள்ள.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பெரிய சின்னம் பெரும்பாலும் அரசின் பெயரால் வரும். சிறியதையோ விருது பெற்றவர் தம் கைக்காசில் நகைக் கடையில் செய்வித்துக்கொள்வார். வசதி படைத்தவர் வைரமும் பதிப்பித்துக்கொண்டார். எனவே ஒரே விருதின் சிறு பதக்கங்கள் இரண்டு ஒன்றுபோல் இருப்பதில்லை. பெயரும் பொறித்திருக்காது. சேகரிப்போருக்கு இன்பமும் இதுவே, தொல்லையும் இதுவே. காசு கொடுத்தால் விருது பெறாதவனும் வாங்கி அணியலாம் அல்லவா?

இனித் திருத்தந்தையர் வழங்கும் அணிகளைப் பார்ப்போம். பதினாறாம் கிரகோரியார் 1831இல் ஏற்படுத்திய புனித பெரிய கிரகோரியார் அணியின் சின்னம் எட்டு முனையுள்ள சிவப்புச் சிலுவை. நடுவில் புனிதரின் உருவம், பின்புறம் 'இறைவனுக்காகவும் ஆள்வோருக்காகவும்' என்னும் பொருள் தரும் இலத்தீன் சொற்கள். நாடா சிவப்பு, ஓரம் மஞ்சள். ஒன்பதாம் பத்திநாதர் 1847இல் ஏற்படுத்திய அணிக்கு நீல நட்சத்திரம், நீல நாடா, சிவப்பு ஓரம். 1841இல் அமைந்த புனித சில்வெஸ்தர் அணிக்கு வெண்ணிறச் சிலுவை, கறுப்பும் சிவப்புமான நாடா. செவாலியர், அதாவது வீரர் என்ற பெயர் இவ்வணிகளில் சேர்க்கப்பட்டவருக்கே உரியது. 1993 முதல் கிரகோரியார், சில்வெஸ்தர் அணிகளில் பெண்களும் சேர்க்கப்படுகின்றனர் என்பதை நம் மாதர் சங்கத்தார் மனத்திற் கொள்க.

வெள்ளையும் மஞ்சளுமான நாடாவோ வேறு வரிசையைச் சேர்ந்தது. பதின்மூன்றாம் சிங்கராயர் தம் குருத்துவப் பொன்விழா ஆண்டாகிய 1888இல் ஏற்படுத்திய 'திருச்சபைக்காகவும் திருத்தந்தைக்காகவும்' என்னும் சிலுவைக்கு இன்று அந்நிறம் உண்டு. 'நன்கு பணி செய்தவருக்கு' என்னும் பதக்கத்துக்கும் அந்நிறமே. இவை உயர்ந்த பாராட்டுகள். ஆயினும் இவற்றைப் பெற்றவர் செவாலியர் ஆவதில்லை. ஆகவே வெள்ளை மஞ்சள் நாடா உண்மையானால் செவாலியர் என்னும் பேச்சு நிற்காது. செவாலியர் உண்மையானால் நாடா பொருந்தாது. இவ்விடத்தில்தான் நம் உறுத்தல் சந்தேகமாக மாறியது.

நமக்கு உதவ முன்வந்தவர் நம் பங்கைச் சேர்ந்த தொழிலாளர் ஒருவர். உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்பவர். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியும் வெர்னியர் அளவுகோலும் கொண்டு, ஒரு சனிக்கிழமை பிற்பகல் நம் மேசையில் வந்தமர்ந்தார். இத்தொழிலில் அவருக்கு இருந்த கண் நமக்கு இல்லை. கதிர்கள் வார்ப்பில் வரவில்லை, அச்சில் அடித்துப் பிறகு அரத்தால் தேய்க்கப்பட்டவை என்றார். நடுவட்டத்தின் நிறம் பெயிண்ட் அன்று, எனாமல் என்றார். கண்ணாடிப் பொடியைக் கருவியில் இட்டு உருக்கிப் பிடிக்கச் செய்வது எனாமல். உடைந்தால் கண்ணாடிபோல் சில்லாக உடையும், பெயிண்டைப்போல் உரியாது. ஓரத்தில் அப்படிப்பட்ட சில்லு ஒன்று பெயர்ந்திருந்தது. கடைசியாக நாடா கோக்கும் வளையத்தைத் திருப்பிப் பார்த்தவர், "சாமி, இதில் பன்றி மூஞ்சி இருக்கே" என்றார். நாமும் பார்த்தோம். கடுகளவு முத்திரை, அதில் காட்டுப்பன்றியின் தலை.

அது பாரிஸ் நகரின் முத்திரை. பிரெஞ்சு நாட்டில் சிறு வெள்ளிப் பொருட்களுக்கு 1838 முதல் அங்கே பன்றித் தலையும், பொன்னுக்குக் கழுகுத் தலையும் இடப்பட்டன. நம் ஊர்த் தங்க நகையில் இப்போது அடிக்கும் தர முத்திரையைப் போன்றதே அது. எனவே பொருள் பிரெஞ்சு நகை வேலை. உரோமையிலிருந்து வந்ததன்று.

பிரெஞ்சு என்றதும் நெப்போலியன் 1802இல் ஏற்படுத்திய லெஜியோன் தொனர் நினைவுக்கு வரும். அதன் கடைசிப் படியும் செவாலியேதான். ஆனால் அதற்கு ஐந்து கரமுள்ள வெண்சிலுவை, சிவப்பு நாடா. நம் கையிலிருந்த நட்சத்திரம் அதுவன்று. படம் எடுத்துப் புதுச்சேரியில் பணிபுரியும் நம் குருமடத் தோழருக்கு அனுப்பினோம். இரண்டு வாரம் சென்று விடை வந்தது. "இது பாப்பரசர் கிரீடம் அன்று, கம்போடிய அரசனின் கிரீடம்" என்று அவர் எழுதியிருந்தார்.

கம்போடியா 1863இல் பிரெஞ்சுப் பாதுகாப்பின் கீழ் வந்தது. மறு ஆண்டு மன்னர் நொரதோம் கம்போடிய அரச அணியை ஏற்படுத்தினார். கதிர் வீசும் நட்சத்திரம், நடுவில் அரச இலச்சினை, உச்சியில் கோபுரம்போல் கூம்பிய கெமேர் கிரீடம். முதலில் சிவப்பும் பச்சையுமாக இருந்த நாடா, அந்நூற்றாண்டின் இறுதியில் ஆரஞ்சு ஓரமுள்ள வெள்ளை நாடாவாயிற்று. ஆரஞ்சு நிறம் நூறாண்டில் வெளிறினால் மஞ்சள் ஆகாதோ! 1896இல் பிரெஞ்சு அரசு இதையும் அன்னாமின் டிராகன் அணி போன்றவற்றையும் தன் குடியேற்ற நாட்டு அணிகளாக ஏற்று, தன் ஊழியருக்கு வழங்கிற்று. ஐந்து படிகளில் கடைசிப் படி செவாலியே. அப்படிக்கு வெள்ளி நட்சத்திரம், மேற்படிகளுக்குப் பொன். குடும்பத்தார் சொன்ன 'செவாலியர்' பொய்யன்று. கொடுத்தவர்தாம் மாறிப்போனார்.

காரைக்கால்காரர் எப்படிக் கம்போடியா சென்றார்? இது நம் மக்கள் பலர் மறந்த வரலாறு. 1881 செப்டம்பர் 21இல் வெளிவந்த ஆணையின்படி, புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளில் தங்கள் சாதி, குல வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் முழுக் குடியுரிமை பெற்றனர். குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டனர். கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட மக்களும் இதில் பெரும் பங்கினர். இவர்களுள் பலர் சைகோனுக்குக் கப்பலேறி அலுவலகம், நீதிமன்றம், காவல், சுங்கம் முதலிய துறைகளில் அமர்ந்தனர். சொந்த ஊரில் தெருவில் செருப்பணிந்து நடக்கத் தயங்கியவனின் மகன், கடல் கடந்து அரசு ஊழியனாகி மார்பில் வெள்ளி நட்சத்திரம் அணிந்தான் என்றால், அது திருத்தந்தை தந்த பட்டத்திற்கு எவ்வகையில் குறைந்தது என்று நமக்குத் தோன்றிற்று. ஆயினும் இது நம் எண்ணம். குடும்பத்தாருக்கு அப்படித் தோன்ற வேண்டுமே.

இவ்வணிகளோடு தமிழ்த் திருச்சபைக்குள்ள உறவு இந்தத் தகரப் பெட்டியில் தொடங்கியதன்று. தெம்பிளியர் என்னும் வீரத் துறவியர் சபை 1312இல் கலைக்கப்பட்டபின், அவர்தம் போர்த்துக்கல் சொத்தைக் கொண்டு மன்னர் தினிஸ் அமைத்த கிறிஸ்துவின் அணியை 1319இல் திருத்தந்தை இருபத்திரண்டாம் அருளப்பர் உறுதி செய்தார். போர்த்துக்கேயக் கப்பற்பாயில் தீட்டப்பட்ட சிவப்புச் சிலுவை இவ்வணியின் சிலுவையே. கடல் கடந்த நாடுகளின் ஆன்ம அதிகாரம் 1456இல் இவ்வணியிடம் ஒப்படைக்கப்பட்டது. அதிலிருந்து வளர்ந்ததே பதுருவாதோ எனப்படும் அரசக் காப்புரிமை. 1606இல் மயிலைக்கு மறைமாவட்டம் அமைந்ததும் அதன் வழியேதான். ஒரு வீரர் அணியின் பழஞ்சிலுவை நம் தாய் மறைமாவட்டத்தின் பிறப்பில் இருக்கிறது என்பதைப் பலர் அறியார்.

இன்னொரு பெயரும் சொல்ல வேண்டும். 1513இல் கோழிக்கோட்டுச் சாமூத்திரி லிஸ்பனுக்கு அனுப்பிய இளைஞர் ஒருவர் அங்கே ஞானஸ்நானம் பெற்று ஜோவான் தெ குரூஸ் ஆனார். கிறிஸ்துவின் அணியிலும் சேர்க்கப்பட்டார். முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் துன்புற்ற காலத்தில், போர்த்துக்கேயரின் துணையைத் தேடும்படி அவர்களுக்கு வழிகாட்டியவர் இவரே. 1536ஆம் ஆண்டையொட்டி அம்மக்கள் பெருந்திரளாக ஞானஸ்நானம் பெற்றனர். புனித சவேரியார் அங்கு வருமுன்னர் நடந்தது இது. நம் பங்கிலுள்ள தூத்துக்குடிக் குடும்பங்களின் வேர், ஓரளவுக்கு, இந்த இந்திய வீரரிடம் போய் முட்டுகிறது.

ஆங்கிலேயர் ஆட்சியிலும் நம்மவர் சிலர் பட்டம் பெற்றனர். தஞ்சை மாவட்டத்துக் கத்தோலிக்கரான சர் ஏ. டி. பன்னீர்செல்வம் அவர்களில் ஒருவர். இலண்டன் செல்லும் வழியில் 1940 மார்ச் 1 அன்று, அவர் ஏறிய ஹானிபால் விமானம் ஓமான் வளைகுடாப் பக்கம் மறைந்துபோயிற்று. ஆனால் நம் சுற்றுப்புறத்துக்குள்ளேயே பதக்கத்தின் பொருளைக் காட்டியவர் வேறொருவர். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் அன்றாடம் கம்பெனிப் பேருந்தில் செல்லும் நம் இளைஞர்கள், வாலாஜாபாத் பக்கத்துக் கீழொட்டிவாக்கம் என்ற ஊரின் பெயரைக் கேட்டிருக்கலாம். மதராஸ் சாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்பிரமணியன் அவ்வூரினர். இரண்டாம் உலகப் போரில், 1944இல், இத்தாலியில் மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடி அகற்றும் குழுவில் இருந்தார். உடனிருந்தவர் காலடியில் கண்ணி முடுக்கப்பட்டது. வெடிக்கச் சில நொடிகளே இருந்தன. சுற்றி நின்றவர்களைக் காக்க அவர் அதன்மேல் பாய்ந்து விழுந்தார். அவர் மடிந்தார், மற்றவர்கள் பிழைத்தனர். ஜார்ஜ் சிலுவை அவருக்குப் பின்னால் வழங்கப்பட்டது. வெள்ளிச் சிலுவையின் நடுவில் புனித ஜார்ஜியார் பறவை நாகத்தைக் குத்தும் உருவம், நாடா கருநீலம். பதக்கமின்றி நாடாவை மட்டும் அணியும்போது அதன்மேல் இச்சிலுவையின் சிறு படியைப் பொருத்துவது முறை. முருகன் பெயர் தாங்கியவருக்கு ஜார்ஜியாரின் சிலுவை. அணியத்தான் அவர் இல்லை.

இதற்கு நேர்மாறான செய்தி ஒன்றையும் எழுதாமல் விடுவதற்கில்லை. நம் பங்கின் அன்பர் ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் அழகிய கடிதம் ஒன்று வந்தது. பழம்பெரும் வீரர் அணியொன்றில் தங்களைச் சேர்க்க விரும்புகிறோம், 'நன்கொடை' இவ்வளவு, மேலங்கியும் சிறு பதக்கமும் உட்பட, என்றிருந்தது. இலத்தீன் இருந்தது, அதிலும் பிழை இருந்தது. அவர் பணம் அனுப்புமுன் நம்மிடம் காட்டியது நல்லதாயிற்று. திருத்தந்தை நேரடியாக வழங்கும் அணிகளைத் தவிர, மால்டா வீரர் சபையும் எருசலேம் திருக்கல்லறை அணியும் மட்டுமே திருப்பீடம் ஏற்றவை என்று செயலகம் 2012 அக்டோபரில் தெளிவாக அறிவித்திருக்கிறது. அறிந்து வைத்திருத்தல் பணத்துக்கும் நல்லது, மானத்துக்கும் நல்லது.

பட்டத்தைப் பெயரின்முன் போட்டுக்கொள்வதிலும் நம்மவருக்கு ஆசை அதிகம். நடிகர் திலகம் சிவாஜி கணேசன் 1995இல் பெற்ற செவாலியே, 1957இல் ஏற்பட்ட பிரெஞ்சுக் கலை இலக்கிய அணியைச் சேர்ந்தது. பலர் எண்ணுவதுபோல் லெஜியோன் தொனர் அன்று. நம் அரசியல் சட்டத்தின் 18ஆம் பிரிவு பட்டங்களை ஒழித்தது. தேசிய விருதுகள் பட்டமல்ல, அவற்றைப் பெயரோடு சேர்த்து எழுதலாகாது என்று 1995இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. விருது பெற்றவருக்கே அப்படியென்றால் கொள்ளுப்பேரன் நிலை என்ன?

இத்தனையும் தெரிந்துகொண்டு, அச்சகத்தார் பக்கத்துக்காகக் காத்திருக்கும்போது, ஒரு மாலை ஒரகடம் சென்று அவ்வீட்டில் அமர்ந்தோம். குடும்பத் தலைவருக்கு முகம் வாடிற்று. "ஊரெல்லாம் சொல்லிவிட்டோமே சாமி" என்றார். அவர் மகள் ஒன்றும் பேசாமல் அழைப்பிதழ்ப் படியை எடுத்து உள்ளே வைத்தாள். நம் தொழில் சில நேரம் இப்படித்தான், யாருக்கும் தீங்கு எண்ணாமலே ஒரு வீட்டின் மகிழ்ச்சியைக் கலைக்க நேர்கிறது. முற்றும் சொல்லிவிட வேண்டுமென்று இன்னொன்றும் சொன்னோம். நட்சத்திரம் மட்டும் சான்றாகாது, பாட்டனார் பெயரில் நியமனப் பத்திரம் இருந்தால்தான் உறுதி. காலனி ஆட்சியின் பழைய ஆவணங்கள் பிரான்சில் எக்ஸ் நகரக் காப்பகத்தில் இருக்கின்றன, எழுதிக் கேட்கலாம் என்றோம்.

அப்போது கட்டிலில் படுத்திருந்த பாட்டியம்மாள், எண்பது கடந்தவர், எழுந்து உட்கார்ந்தார். "அப்ப அவரு சைகோன் பக்கந்தான் இருந்தாரு, இல்லையா சாமி?" என்று கேட்டார். ஆம், அப்படித்தான் தெரிகிறது என்றோம். அதன் பிறகுதான் கதை வந்தது. கப்பலேறியவர் திரும்பி வரவில்லை. சில ஆண்டு பணம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு எங்கோ ஓடிப்போனவன் என்று ஊரார் ஏசினார்களாம். பொருட்கள் மட்டும் யார் கையிலோ ஒருநாள் வந்து சேர்ந்தனவாம். பாப்பரசர் கதையை யார் முதலில் சொன்னாரோ தெரியாது, அந்த ஏச்சுக்கு எதிராகச் சொல்லப்பட்டிருக்கலாம் என்று நாம் ஊகித்தோம். "ஓடிப்போனவனுக்கு அரசாங்கம் மெடல் குடுக்குமா? குடுக்காது" என்று பாட்டியம்மாள் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அவ்வளவு உறுதியாக நம்மால் சொல்ல இயலாது. ஆனால் மறுத்துப் பேசவும் இல்லை.

எக்ஸ் நகருக்கு அந்த மகளே பிரெஞ்சில் கடிதம் எழுதியனுப்பினாள். காரைக்காலில் இருக்கும் அத்தை உதவினாராம். விடை இன்னும் வரவில்லை. திருமண அழைப்பிதழ் வேறாக அச்சிடப்பட்டது, அதில் மணமக்கள் பெயரும் பெற்றோர் பெயருமே உள்ளன. கண்காட்சியில் வலப்பக்கக் கண்ணாடிப் பேழையில், முத்துச்சிப்பிச் செபமாலைக்கு அருகே நட்சத்திரத்தை வாசகர் காணலாம். பெரிதாக்கும் கண்ணாடியும் பக்கத்தில் வைத்திருக்கிறோம், சிறுவர்கள் பன்றித் தலையைத் தேடிப் பார்க்கட்டும். அட்டையில் குடும்பத்தார் ஒப்புதலோடு எழுதியிருப்பது இது: "கம்போடிய அரச அணி, செவாலியே படி, சிறு பதக்கம். வெள்ளி, பாரிஸ் வேலை. காரைக்காலிலிருந்து கடல் கடந்து சென்றவரின் குடும்பத்தார் பாதுகாத்தது."